எக்ஸை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் (இப்போதைய எக்ஸ்) எலான் மஸ்க் கைக்குப் போனதிலிருந்தே, "வேறு எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?" என்ற கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ட்விட்டர் போன்ற தளங்களான புளூஸ்கை, மாஸ்டடான், திரெட்ஸ் பற்றி வந்தவற்றில் செய்முறை சார்ந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம். எது உயர்ந்தது என்ற சண்டையை டைம்லைனிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கே: 2011 முதல் ட்விட்டரில் இருக்கிறேன். புளூஸ்கைக்குப் போக முடிவு செய்துவிட்டேன். பழைய கணக்கை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டுமா?
– பள்ளி ஆசிரியை, திருச்சி

ப: வேண்டாம். மூடுவது கடைசி வேலை. பலருக்கு அது தேவையே படாது. முதலில் உங்கள் பதிவுகளின் பிரதியை எடுத்து வையுங்கள்.

கணினி உலாவியில் எக்ஸைத் திறந்து 'மோர்', 'செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி', 'யுவர் அக்கவுண்ட்', 'டவுன்லோட் அன் ஆர்க்கைவ் ஆஃப் யுவர் டேட்டா' என்று வரிசையாகப் போங்கள். கடவுச்சொல் கேட்கும். பிறகு நீங்கள் பதிந்து வைத்திருக்கும் மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ ஒரு குறியீட்டெண் வரும். பழைய கணக்குக்காரர்கள் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: 2011இல் கொடுத்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். அதை முதலில் மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். கோப்பு தயாராக 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தயாரானதும் அறிவிப்பு வரும். இறக்கிக்கொள்ளும் இணைப்பு சில நாட்களுக்குத்தான் இருக்கும் என்பதால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள்.

வருவது ஒரு ஜிப் கோப்பு. அதை முழுவதுமாக விரித்த பிறகுதான் உள்ளே இருக்கும் 'யுவர் ஆர்க்கைவ்' பக்கத்தைத் திறக்க வேண்டும். ஜிப்புக்குள் இருந்தபடியே இருமுறை சொடுக்கினால் பக்கம் வெறுமையாகத்தான் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்வது இதனால்தான். கைப்பேசியில் முயலாமல் கணினியில் செய்வது நல்லது.

இன்னொன்று. அந்தக் கோப்பில் நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பட்டியல் இருக்கும். ஆனால் பெயர்கள் இருக்காது, வெறும் கணக்கு எண்கள்தான். தனிச்செய்திகளிலும் அனுப்பியவர் யார் என்பதற்கு எண்தான் இருக்கும். தனிச்செய்தியில் மட்டுமே தொடர்பில் இருக்கும் நண்பர்களின் பெயரையும் மின்னஞ்சலையும் கணக்கு உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகள் தொலைந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆட்கள் தொலைந்தால் திரும்பப் பிடிப்பது கடினம்.

கே: நான் 900 பேரைப் பின்தொடர்கிறேன். அவர்களில் யார் யார் புளூஸ்கையில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகத் தேட வேண்டுமா?
– வங்கி ஊழியர், ஈரோடு

ப: தேவையில்லை. 'ஸ்கை ஃபாலோயர் பிரிட்ஜ்' என்ற உலாவி நீட்சி (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) இருக்கிறது. கணினியில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளில் நிறுவலாம். நிறுவியபின் எக்ஸில் உங்கள் 'ஃபாலோயிங்' பக்கத்தைத் திறந்து இதை ஓடவிட்டால், பக்கம் தானாகவே கீழே நகர்ந்து ஒவ்வொரு பெயரையும் புளூஸ்கையில் தேடிப் பட்டியல் தரும்.

இதற்கு உங்கள் புளூஸ்கை கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். புளூஸ்கை செட்டிங்ஸில் 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்ற பகுதியில் தனியாக ஒரு கடவுச்சொல் உருவாக்கலாம். நான்கு நான்கு எழுத்தாக நான்கு தொகுதிகள் கொண்டது. அதைக் கொடுத்து வேலையை முடித்தபின் அதே பகுதிக்குப் போய் அழித்துவிடுங்கள். தனிச்செய்திகளைப் படிக்கும் அனுமதி கேட்கும் கட்டத்தில் டிக் போட வேண்டாம்.

வந்த பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள். நீட்சி மூன்று விதமாகப் பொருத்துகிறது: ஹேண்டில் (@ குறியோடு வரும் பயனர் பெயர்), காட்சிப் பெயர், தன்விவரத்தில் உள்ள குறிப்பு. ஹேண்டிலும் தன்விவரமும் பொருந்தினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். காட்சிப் பெயர் மட்டும் ஒத்துப்போனால் நம்பவே கூடாது. 'செந்தில்' என்றோ 'கவிதா' என்றோ இருப்பவர்கள் எத்தனை பேர்! அந்த வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் 'ஃபாலோ' அழுத்த வேண்டும்.

எஞ்சியவர்களுக்கு 'ஸ்டார்ட்டர் பேக்' உதவும். ஒரு துறை சார்ந்த 150 பேர் வரை ஒருவர் தொகுத்து வைக்கும் பட்டியல் அது. ஒரே சொடுக்கில் அனைவரையும் பின்தொடரலாம். ஆனால் முதல் நாளிலேயே நான்கைந்து தொகுப்புகளை அள்ளிப் போட்டுக்கொண்டால் உங்கள் டைம்லைன் முன்பின் தெரியாதவர்களால் நிரம்பிவிடும். தொகுப்பைத் திறந்து தெரிந்த முகங்களை மட்டும் எடுங்கள்.

கே: மூன்றில் எது?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: எக்ஸில் பழகிய கைக்குப் புளூஸ்கை. சொந்தமாகச் சர்வர் நடத்துகிற, விதிகளைத் தாமே வகுத்துக்கொள்கிற குழுவோடு இருக்க விரும்பினால் மாஸ்டடான். இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே கூட்டம் வைத்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் திரெட்ஸ். அது பெரும்பாலும் இன்ஸ்டாகிராம் கணக்கின் மேல்தான் நிற்கிறது; பெயரும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். 2023 ஜூலையில் தொடங்கியபோது திரெட்ஸை நீக்க இன்ஸ்டாகிராமையே நீக்க வேண்டிய நிலை இருந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் தனியாக நீக்கும் வசதி வந்தது.

கே: எக்ஸில் 280 எழுத்து, புளூஸ்கையில் 300. வெறும் 20 எழுத்துதான் கூடுதல். இதற்காக மாற வேண்டுமா?
– கவிதை எழுதுபவர், தஞ்சாவூர்

ப: ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு 20தான். தமிழில் எழுதுகிற உங்களுக்குக் கிடைப்பது அதைவிட மிக அதிகம்.

எக்ஸ் எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை. தமிழில் மெய்யும் அதன் மேல் ஏறும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 போய்விடும். 'கொடுத்தோம்' என்று எழுதினால் 10. புளூஸ்கை எண்ணுவது கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை: கொ, டு, த், தோ, ம் – 5. 'தமிழ்' 3. உயிர்மெய்யும் புள்ளியும் விரவிவரும் சாதாரண உரைநடையில் எக்ஸின் 280ஐ நிறைக்கிற பதிவு, புளூஸ்கையில் 200ஐத் தொடாது.

புளூஸ்கையில் 3000 பைட் என்று இன்னொரு உச்சவரம்பும் உண்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 300 எழுத்தும் இரட்டைக் குறியீடாகவே இருந்தாலும் 1800தான் ஆகும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மாஸ்டடானின் வழக்கமான வரம்பு 500. அங்கும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துதான் கணக்கு. எவ்வளவு நீளமான இணைப்பைப் போட்டாலும் 23 எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். வெண்பா போடுகிறவர்களுக்கு எங்கேயும் இடம் போதும். விளக்கவுரையும் சேர்த்துப் போடுகிறவர்கள் மாஸ்டடானுக்குப் போகலாம்.

கே: எக்ஸில் என் ஹேண்டிலில் அடிக்கோடு இருக்கிறது. புளூஸ்கை அதை ஏற்க மறுக்கிறது. பெயரை மாற்றினால் யாருக்கும் அடையாளம் தெரியாதே?
– புகைப்படக் கலைஞர், மதுரை

ப: புளூஸ்கை ஹேண்டில் என்பது உண்மையில் ஒரு இணைய டொமைன் முகவரி. டொமைன் பெயர்களுக்கான விதிப்படி ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு மட்டுமே செல்லும். மாஸ்டடானில் அடிக்கோடு செல்லும்.

புகைப்படத் தொழிலில் இருக்கிற உங்களுக்குச் சொந்த டொமைன் இருந்தால் அதையே ஹேண்டிலாக வைத்துக்கொள்வதுதான் சரி. இல்லாவிட்டால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து வாங்கலாம். புளூஸ்கை செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்', 'ஹேண்டில்' பகுதிக்குப் போய் 'ஐ ஹேவ் மை ஓன் டொமைன்' என்பதை அழுத்தினால் மூன்று விவரங்கள் காட்டும்: ஹோஸ்ட், டைப், வேல்யூ. டொமைன் வாங்கிய நிறுவனத்தின் தளத்தில் டிஎன்எஸ் பக்கத்தை (டொமைன் எங்கே சுட்டுகிறது என்ற விவரங்கள் இருக்கும் இடம்) திறந்து, டிஎக்ஸ்டி வகையில் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்து அவற்றை நகலெடுத்து ஒட்டுங்கள். சில நிமிடங்கள் கழித்து புளூஸ்கையில் 'வெரிஃபை' அழுத்தினால் முடிந்தது.

சரியாக வராவிட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. ஹோஸ்ட் கட்டத்தில் டொமைன் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவது முதல் காரணம். பல நிறுவனங்களின் தளம் அதைத் தானாகவே பின்னால் ஒட்டும். டொமைன் பெயர் இரண்டு முறை வந்துவிடும். வேல்யூ வரியில் சமக்குறிக்கு முன்னால் உள்ள மூன்றெழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஒட்டுவது இரண்டாவது. முழு வரியும் வேண்டும்.

பிளாக்ஸ்பாட்டில் வலைப்பூ நடத்துகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். சொந்த டொமைனை பிளாக்ஸ்பாட்டோடு இணைத்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். டிஎக்ஸ்டி பதிவு சேர்ப்பதால் வலைப்பூவுக்கு ஒன்றும் ஆகாது. கூகுள் தந்த இலவச முகவரியில் செய்ய முடியாது, ஏனென்றால் அதன் டிஎன்எஸ் உங்கள் கையில் இல்லை.

டொமைனைப் புதுப்பிக்க மறந்தால்? கணக்கும் பதிவுகளும் போகாது. ஹேண்டில் இருந்த இடத்தில் 'இன்வேலிட் ஹேண்டில்' என்று காட்டும். கணக்கின் உண்மையான அடையாளம் பின்னணியில் உள்ள மாறாத ஒரு குறியீடுதான். வேறு பெயர் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் காலாவதியான டொமைனை இன்னொருவர் வாங்கி உங்கள் பெயரில் உட்காரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கே: என் 40,000 ட்வீட்டையும் புளூஸ்கைக்குக் கொண்டுபோக வேண்டும். கருவிகள் இருக்கின்றனவாமே?
– மென்பொருள் பணியாளர், பெங்களூரு

ப: இருக்கின்றன. முடியும் என்பதும் உண்மை. செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி.

புளூஸ்கை சர்வர் ஒரு கணக்குக்கு மணிக்கு 5000 புள்ளி, நாளைக்கு 35,000 புள்ளி என்று அளவு வைத்திருக்கிறது. ஒரு பதிவு சேர்க்க 3 புள்ளி. ஆக மணிக்கு 1,666, நாளைக்கு 11,666 பதிவுக்கு மேல் ஏறாது. 40,000க்கு நான்கு நாள் ஓட வேண்டும். இந்த அளவைக் கவனிக்காமல் எழுதிய கருவி நடுவிலேயே நின்றுபோகும். மறுபடி ஓடவிட்டால் முதலிலிருந்து இரட்டையாக ஏற்றும்.

உங்கள் 40,000இல் ஆர்டி (ரீட்வீட்) எத்தனை, அடுத்தவர் பதிவுக்குப் போட்ட பதில் எத்தனை என்று முதலில் பாருங்கள். பதிலெல்லாம் அங்கே கேள்வி இல்லாத பதிலாக நிற்கும். 'ஹா ஹா, ஆமாம் தலைவரே' என்பதை யாருக்குச் சொன்னீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ட்வீட்டில் உள்ள இணைப்புகள் ட்விட்டரின் சுருக்க முகவரியில் இருக்கும்; எக்ஸ் அதை நிறுத்தினால் எல்லாம் செத்த இணைப்புகள். ஆவணக் கோப்பில் ஒவ்வொரு ட்வீட்டோடும் விரிந்த முகவரியும் இருக்கிறது. கருவி அதை எடுத்துக்கொள்கிறதா என்று 10 பதிவை வைத்துச் சோதியுங்கள். பழைய தேதியிட்டு ஏற்றும் பதிவுகளின் மேல் அவை பின்னால் சேர்க்கப்பட்டவை என்ற குறிப்பைப் புளூஸ்கை தானே காட்டிவிடும்.

எங்கள் யோசனை: திரும்பப் படிக்கத் தக்க தொடர் பதிவுகளை மட்டும் பொறுக்கி ஒரு வலைப்பூவில் போடுங்கள். மீதி ஜிப்பிலேயே கிடக்கட்டும்.

கே: 'கூ' செயலியில் தமிழில் எழுதி ஓரளவு வாசகர்களைச் சேர்த்தேன். ஒருநாள் கடையைச் சாத்திவிட்டார்கள். புளூஸ்கைக்கும் அதே கதிதானா?
– ஓய்வுபெற்ற அரசு அலுவலர், வேலூர்

ப: வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. 2020இல் தொடங்கிய கூ, 2024 ஜூலையில் மூடும் அறிவிப்பை வெளியிட்டது. அதற்கு முன் ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்றும் கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் போயின. புளூஸ்கையும் முதலீட்டாளர் பணத்தில் ஓடும் நிறுவனம்தான்; 2024 அக்டோபரில் 15 மில்லியன் டாலர் திரட்டியது.

எனவே எந்தத் தளத்தில் சேரும்போதும் 'வெளியேறும் வழி எது' என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். புளூஸ்கையில் செட்டிங்ஸ், அக்கவுண்ட் பகுதியில் 'எக்ஸ்போர்ட் மை டேட்டா' இருக்கிறது. பதிவு, லைக், நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பாக வரும். படங்கள் அதில் வரா, அவற்றைத் தனியே சேமிக்க வேண்டும். கோப்பை நேரடியாகப் படிக்கவும் முடியாது. கணக்கையே வேறு சர்வருக்கு மாற்றவும் வழி உண்டு என்றாலும், அது கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கான வேலை.

இந்த ஒரு விஷயத்தில் மாஸ்டடான் ஒரு படி மேல். அடுத்த பதிலைப் பாருங்கள்.

கே: 2019இல் இந்தியர்கள் பலர் மாஸ்டடானுக்குப் போனபோது நானும் ஒரு சர்வரில் சேர்ந்தேன். இப்போது அதை மூடப்போகிறார்களாம். என்ன செய்வது?
– வழக்கறிஞர், சென்னை

ப: சர்வர் அணைவதற்கு முன் செய்ய வேண்டும், அணைந்தபின் ஒன்றும் முடியாது. வரிசை முக்கியம்.

ஒன்று: வேறு சர்வரில் புதுக் கணக்கு தொடங்குங்கள். இரண்டு: பழைய கணக்கில் 'இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்' பக்கத்திலிருந்து பின்தொடர்கிறவர்கள், தடுத்தவர்கள், ஒலியடக்கியவர்கள், புக்மார்க் ஆகிய சிஎஸ்வி (அட்டவணை வடிவ) கோப்புகளை இறக்குங்கள். பதிவுகளின் முழுப் பிரதியையும் கேளுங்கள். 7 நாளுக்கு ஒருமுறைதான் அதைக் கேட்க முடியும். மூன்று: புதுக் கணக்கில், பழைய கணக்கிலிருந்து வருவதாகச் சொல்லும் பகுதியில் பழைய முகவரியை 'ஏலியஸ்' (மாற்றுப் பெயர்) ஆகப் பதியுங்கள். நான்கு: பழைய கணக்குக்குத் திரும்பி 'மூவ் டு எ டிஃபரண்ட் அக்கவுண்ட்' பகுதியில் புது முகவரியும் கடவுச்சொல்லும் கொடுங்கள். மூன்றாவதைச் செய்யாமல் நான்காவதைச் செய்தால் பிழை காட்டும். ஐந்து: புதுக் கணக்கில் சிஎஸ்வி கோப்புகளை ஏற்றுங்கள். 'மெர்ஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஓவர்ரைட்' கொடுத்தால் புதிதாகச் சேர்த்தவர்கள் அழிந்துவிடுவார்கள்.

உங்களைப் பின்தொடர்கிறவர்கள் தாமாகவே புது முகவரிக்கு நகர்ந்துவிடுவார்கள். பதிவுகள் நகரா. ஒருமுறை மாறினால் 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது, ஆகவே சர்வரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டடானின் சர்வர் ஒப்பந்தத்தை ஏற்றவர்கள் மூடுவதாக இருந்தால் குறைந்தது 3 மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். அன்றாடக் காப்புப்பிரதியும் எடுக்க வேண்டும். மாஸ்டடானின் அதிகாரபூர்வ தளத்தில் பட்டியலிடப்படுவது அத்தகைய சர்வர்கள்தான்.

வழக்கறிஞர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: மாஸ்டடானின் 'பிரைவேட் மென்ஷன்' ரகசியச் செய்தி அல்ல. சர்வர் நிர்வாகி படிக்க முடியும். அதைவிடப் பெரிய வம்பு, அந்தச் செய்திக்குள் மூன்றாம் நபரின் ஹேண்டிலைக் குறிப்பிட்டால் செய்தி அவருக்கும் போய்விடும். கட்சிக்காரர் விவகாரத்தை அங்கே பேச வேண்டாம். புளூஸ்கை தனிச்செய்தியும் இருமுனைக் குறியாக்கம் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் படிக்கும்படி பூட்டுவது) செய்யப்பட்டதல்ல.

கே: புளூஸ்கையில் தமிழில்தான் எழுதுகிறேன். ஒருவர் கண்ணிலும் படுவதாகத் தெரியவில்லை.
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

ப: பதிவு எழுதும் பெட்டிக்குக் கீழே மொழி காட்டும் இடம் இருக்கிறது. அங்கே 'இங்கிலீஷ்' என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் உங்கள் பதிவு ஆங்கிலப் பதிவாகக் குறிக்கப்பட்டு, தமிழை மட்டும் தேர்ந்தெடுத்திருப்பவர்களின் ஃபீடுகளில் வடிகட்டப்பட்டுவிடும். ஒருமுறை தமிழுக்கு மாற்றினால் அடுத்தடுத்த பதிவுகளுக்கும் நினைவில் வைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் 'லாங்குவேஜஸ்' பகுதியில் படிக்கும் மொழிகளாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து வையுங்கள். மாஸ்டடானிலும் இதே போல மொழிக்குறி உண்டு.

கே: எங்கள் நூலகத்தின் புதுவரவு அறிவிப்புகளைப் புளூஸ்கையில் தானாகப் பதிய ஒரு நிரல் எழுதினோம். ஆங்கிலத்தில் சரியாக இருக்கிறது. தமிழில் இணைப்பு தப்பான சொல்லின் மேல் விழுகிறது.
– நூலகர், புதுச்சேரி

ப: பதிவில் இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் புளூஸ்கை யுடிஎஃப்-8 பைட் கணக்கில் எதிர்பார்க்கிறது. உங்கள் நிரல் எழுத்துக் கணக்கில் அனுப்புகிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட் என்பதால் பிழை வெளியே தெரியவில்லை. தமிழில் இணைப்புக்கு முன் 20 குறியீடு இருந்தால் அது 60ஆவது பைட்டில் தொடங்கும். நீங்கள் 20 என்று அனுப்பினால் இணைப்பு முன்னாலேயே, சில சமயம் ஒரு எழுத்தின் நடுவிலேயே விழும். உரையை முதலில் பைட்டாக மாற்றி அதில் இடத்தைத் தேடுங்கள், அல்லது அதிகாரபூர்வ நிரலகத்தில் உள்ள 'ரிச்டெக்ஸ்ட்' வசதியைப் பயன்படுத்துங்கள். ஹேஷ்டேக்குக்கும் இதேதான்.

கே: எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போதாவது எக்ஸ் கணக்கை அழிக்கலாமா?
– சிறுதொழில் செய்பவர், சிவகாசி

ப: அழித்தால் 30 நாள் அவகாசம், அதற்குள் உள்நுழைந்தால் கணக்கை மீட்டுக்கொள்ளலாம். 30 நாள் தாண்டினால் உங்கள் ஹேண்டில் வேறொருவர் கைக்குப் போக வாய்ப்பு உண்டு. தொழில் பெயரில் உள்ள கணக்கு என்றால் இது ஆபத்து: பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து வருகிறவர் யாரோ ஒருவரிடம் ஆர்டர் கொடுப்பார்.

பதிவுகளைப் பூட்டி வைத்துவிட்டு, புது முகவரியைத் தன்விவரத்தில் எழுதுங்கள். பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வைக்கும் 'பின்' பதிவில் எழுதினால் போதாது. பூட்டிய கணக்கில் அது வெளியாருக்குத் தெரியாது, தன்விவரம் தெரியும். முகவரியை வெறும் எழுத்தாகவும், முகப்புப் படத்துக்குள்ளும் போடுவது நல்லது. 2022 டிசம்பரில் மாஸ்டடான் முதலிய போட்டித் தளங்களின் இணைப்புகளை ட்விட்டர் தடுத்தது; 18ஆம் தேதி தடை விதியாகவே வந்து, மறுநாளே விலக்கிக்கொள்ளப்பட்டது. எக்ஸின் விதிப்படி 30 நாளுக்கு ஒருமுறையாவது உள்நுழைய வேண்டும், காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கே: எக்ஸில் இருப்பது போலப் பூட்டிய கணக்கு புளூஸ்கையில் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாதவர், சேலம்

ப: கிடையாது. உங்கள் பதிவு, லைக், யாரைத் தடுத்திருக்கிறீர்கள் என்பது வரை பொதுவில் இருக்கும். 'உள்நுழையாதவர்களுக்குக் காட்டாதே' என்ற தெரிவு இருந்தாலும் அது வேண்டுகோள்தான்; வேறு செயலிகள் மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்தவர்கள் மட்டும் படிக்க வேண்டுமென்றால் மாஸ்டடானில் பின்தொடர்வோரை ஒவ்வொருவராக அனுமதிக்கும் வசதியை இயக்கி, பதிவுகளை 'ஃபாலோயர்ஸ் ஒன்லி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.